முட்டைப்பந்துக் கோச்

அவர் ஆளைக் கண்டால் முதலில் தலையைத்தான் பார்ப்பார். நெற்றி, காதுக்கு மேலே, பிடரி. பார்த்து முடித்த பிறகுதான் வாங்கோ என்பார்.

நான் முதல் தரம் அவர் வீட்டுக்குப் போனது வயல் விசயமாக. நான் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் ஓட்டுகிறவன். என் அப்பா மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து மன்னாரில் இலுப்பைக்கடவைப் பக்கம் குடியேறியவர். எங்களுக்கென்று வயல் இல்லை. மற்றவர்களின் வயலை உழுவோம், அறுப்போம், மூட்டை ஏற்றுவோம்.

அவர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து இரண்டு மாதம். தகப்பன் விட்டுப்போன பழைய வீட்டில் தனியே இருந்தார். அந்த வீட்டு வாசல் பதிவு, உயரம் குறைவு. நான் குனியாமல் உள்ளே போனேன். நிலையில் நெற்றி அடிபட்டது. பெரிய அடி இல்லை. அவர் உள்ளிருந்து ஓடி வந்தார். ஐம்பது தாண்டிய ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. என்னைக் கதிரையில் இருத்தி இரண்டு கண்ணையும் விரித்துப் பார்த்தார்.

"இண்டைக்கு என்ன நாள்?"

"செவ்வாய்."

"இது ஆரின்ரை வீடு?"

"உங்கடை வீடு."

"என்னத்துக்கு வந்தனீர்?"

"வயல் உழ வந்தனான்."

சரி என்றார். ஆனால் அன்றைக்கு லாண்ட்மாஸ்டரில் கை வைக்க விடவில்லை. மத்தியானம் வரை வேம்பின் கீழே இருத்தி வைத்தார். அரை மணிக்கு ஒருக்கால் வந்து அதே மூன்று கேள்வி. விசர் மனுசன் என்று நினைத்தேன். போகும்போது தேத்தண்ணிக் கோப்பையை என்னிடமிருந்து வாங்கினார். அப்போதும் என் நெற்றியைத்தான் பார்த்தார். அடிபட்டது எனக்கு. பயந்து போயிருந்தது அவர்.

வீட்டில் செல்வியிடம் சொன்னேன். அவள் என் மனைவி. "வயல்காரர் உன்னை நீர் எண்டு கதைச்சவரோ?" என்று அதைத்தான் கேட்டாள். ஓம் என்றேன். எங்களை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை, நீ என்றுதான். அடுத்த நாளும் போனேன். பிறகு நான்கு வருடம் போனேன்.

அவருடைய உடம்பு ஒரு மாதிரி. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முன் பல் மூன்று கட்டினது. கையில் ஒரு விரலும் நேராக இல்லை. சுட்டுவிரல் நடுவில் உடைந்து வலப்பக்கம் வளைந்திருந்தது. அவர் விரலை நீட்டி அங்கே ஓடு என்றால் புதுப் பிள்ளை எல்லாம் வேறு பக்கம் ஓடும். பழகின பிள்ளைகள் விரலைப் பார்க்காது, கண்ணைப் பார்க்கும்.

அவர் அங்கே விளையாடினது வேறு பந்து. உருண்டையான பந்து இல்லை. இரண்டு பக்கமும் கூரான, முட்டை மாதிரிப் பந்து. கையில் எடுத்து ஓடலாம், காலால் அடிக்கலாம், கைமுட்டியால் குத்தி மற்றவனுக்குக் கொடுக்கலாம். வைத்திருக்கிற ஆளைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். உயர வருகிற பந்தைப் பிடிக்க மற்றவனின் தோளில் ஏறலாம். போனில் எனக்குப் படம் காட்டினார். ஒருவன் இன்னொருவனின் முதுகில் முழங்கால் வைத்து ஏறிப் பந்தைப் பிடித்தான். விழும்போது தலை கீழே வந்தது. நான் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

சின்ன வயதில் படகில் இந்தியா போய், அங்கிருந்து எப்படியோ அவுஸ்திரேலியா போனவர். ஒரு சின்ன ஊரில் இறைச்சிக் கொம்பனியில் வேலை. அந்த ஊர் ஆட்களோடு சேர்ந்து அந்த விளையாட்டைப் பழகினார். பதினைந்து வருடம் விளையாடினார். பிறகு அந்த அணிக்கே கோச். எங்கள் ஊர்க்காரன் ஒருவன் வெள்ளைக்காரருக்குக் கோச்சாக இருந்தான் என்று தேத்தண்ணிக்கடையில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை, மூக்கைப் பார்க்கும்வரை.

இரண்டாம் வருடம் அறுவடை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு வயலின் உள்வரம்புகளை வெட்டி மட்டமாக்கச் சொன்னார். வரம்பை யாராவது வெட்டுவார்களா? நான் நின்றேன்.

"வெட்டும் தம்பி. மாரிக்குத் திரும்பக் கட்டுவம்."

வெட்டினேன். வெளிவரம்பை மட்டும் விட்டோம். பிறகு இந்தப் பக்கம் நான்கு பாலைத் தடி, அந்தப் பக்கம் நான்கு பாலைத் தடி நட்டோம். அவருடைய விளையாட்டுக்குக் கோல் அதுதான். பந்தல் என்று நினைத்து ஊரில் யாருக்குக் கலியாணம் என்று கேட்டார்கள். கோச்சுக்குத்தான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒரு கிழமை அந்தக் கதை ஓடியது.

பழக ஆம்பிளைப் பிள்ளைகள் வரவில்லை. மன்னாரில் பெடியளுக்கு உருண்டைப் பந்து போதும். முட்டையை யார் உதைப்பது என்று சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் வந்தார்கள். முதலில் ஐந்து பேர். பிறகு பதினெட்டு. என் மகள் தர்சினியும் போனாள். அப்போது அவளுக்குப் பதினைந்து. வீட்டில் என்னைப்போல வாய் திறக்காதவள். அங்கே அவள் கத்துவதை வரம்பில் நின்று கேட்டேன். அது என் பிள்ளை என்று நம்பக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கோச்சிடம் ஒரு சட்டம் இருந்தது. தலையில் எது பட்டாலும் பன்னிரண்டு நாள் விளையாட்டு இல்லை. பந்து பட்டாலும் சரி, வீட்டில் அலுமாரிக் கதவு பட்டாலும் சரி. ஒரு பிள்ளை சைக்கிளில் வரும்போது விழுந்து முழங்கால் உரிந்து வந்தாள். அவர் முழங்காலைப் பார்க்கவில்லை. தலை பட்டதோ என்று கேட்டார். தெரியாது என்றாள். தெரியாது என்றால் பன்னிரண்டு நாள். ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் எழுதி வைப்பார். பிள்ளைகள் அழும். தர்சினி ஒருதரம் கெஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"பயந்த கோச்" என்று தாய்மார் பெயர் வைத்தார்கள். கடையில் ஒருவர் எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார், "அவுஸ்திரேலியாவிலை இவர் பூச்செண்டு எறிஞ்சு விளையாடினவர்போலை கிடக்கு."

எனக்கு அந்தப் பயம் பிடித்திருந்தது. என் பிள்ளை அந்த ஆளின் கையில் இருந்தாள்.

ஏன் பயம் என்று ஒரே ஒரு நாள் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் தாழ்வாரத்தில் இருந்தோம். அவர் தன்னுடைய கணக்கைச் சொன்னார். விளையாடின காலத்தில் பதினொரு தரம் நினைவில்லாமல் விழுந்தவராம். பதினொரு தரமும் எழும்பித் திரும்ப விளையாடியவராம். அப்போது அதுதான் ஆம்பிளைத்தனம். கோச்சாக வந்த பிறகு முக்கியமான ஒரு ஆட்டம். அவருடைய ஆள் ஒருவன், இருபத்திரண்டு வயதுப் பெடியன், தலை அடிபட்டு வந்தான். விளையாட ஏலுமோ என்று இவர் கேட்டார். ஏலும் என்றான். திரும்ப அனுப்பினார். பத்து நிமிடத்தில் இரண்டாவது அடி. அவன் எழும்பவில்லை.

"செத்திட்டானோ?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. தாய் கரண்டியாலை சாப்பாடு தீத்துறா."

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தவராம். தாய் இவரைத் திட்டவில்லையாம். தேத்தண்ணி கொடுப்பாவாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றார். அந்தப் பெடியனின் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் வருடத்தில் நான் வேறு சிலதைக் கண்டேன். தேத்தண்ணி வைக்கிற கேத்தில் அடுப்பில் கரிந்து கிடந்தது, இரண்டு தரம். வீட்டுக் கதவிலிருந்து கிணற்றடிக்கு ஒரு கயிறு கட்டியிருந்தார். உடுப்புக் காயவிட என்று நினைத்தேன். ஒரு நாளும் அதில் உடுப்பு இல்லை. ஒருநாள் விடியப் போனபோது அவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். கண் தெரியாதவர்போல. கண் நன்றாகத் தெரியும் அவருக்கு. முப்பது அடி தூரத்தில் கிணறு தெரிந்துகொண்டு நிற்கிறது. அது என்ன, ஏன் வந்தேன் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

என்னைக் கண்டு நின்றார். கயிற்றை விடவில்லை.

"டொக்டர் அங்கையே சொன்னவர்" என்றார். "பட்ட அடியள். மறதி இனிக் கூடும், குறையாது."

நான் கயிற்றின் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளையளுக்குச் சொல்லாதையும். தாய்தேப்பன் மறிச்சுப்போடுவினம்."

சொல்லவில்லை. செல்விக்கும் சொல்லவில்லை. அது என் பிழை. அவர் கேள்வி கேட்கிறார், கொப்பி எழுதுகிறார், பயப்படுகிறார், பயம் இருக்கும்வரை பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று நினைத்தேன். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வரம்பில் போய் நின்றேன். வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் போனேன். மகள் விளையாடுவதைப் பார்க்கப் போகிறாய் என்று செல்வி சந்தோசப்பட்டாள். நான் மகளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மன்னார்ப் பக்கம் தோட்டவெளி என்கிற ஊரிலும் அவர் கிழமைக்கு ஒரு நாள் போய்ப் பழக்கினார். அடுத்த வருடம் அந்தப் பிள்ளைகள் பஸ் பிடித்து எங்களிடம் வந்தார்கள், ஆட்டத்துக்கு. சித்திரை வெயில். ஊர் முழுக்க வரம்பில் நின்றது. சிரித்த ஆட்களும் வந்திருந்தார்கள். கடைக்காரர் மோர் கொண்டுவந்தார்.

ஆட்டம் இறுக்கமாகப் போனது. முடியக் கொஞ்ச நேரம் இருந்தது. நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு. தர்சினி வரம்புப் பக்கமாகப் பந்தைத் துரத்தினாள். தோட்டவெளிப் பிள்ளையும் வந்தாள். முட்டைப்பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அது திரும்பித் துள்ளியது. இரண்டு பேரும் மோதினார்கள். என் மகளின் தலை வெளிவரம்பில் அடித்தது. காய்ந்த வரம்பு. கல்லுத்தான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

கோச் போனார். ஓடவில்லை, நடந்து போனார். நிலையில் என் நெற்றி பட்டதற்கே ஓடி வந்தவர் அவர்.

தர்சினி எழும்பி இருந்தாள். அவர் குனிந்தார். தலையைப் பார்க்கவில்லை. கண்ணை விரித்துப் பார்க்கவில்லை. ஒரு கேள்வியும் இல்லை. அவளைக் கையில் பிடித்துத் தூக்கி நிறுத்தி முதுகில் தட்டினார். தடிகள் நின்ற பக்கம் விரலை நீட்டினார். இங்கிலிசில் ஏதோ சொன்னார், உரத்து, சிரித்துக்கொண்டு.

நான் கிட்டப் போய்விட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன். நான்கு வருடமாக எனக்குத் தெரிந்த முகம் இல்லை. அதில் பயம் இல்லை. ஒரு துளி இல்லை. இளமையான முகம் அது. கண் மினுங்கியது.

"போ டானி" என்றார் என் மகளைப் பார்த்து. "போ. உனக்கு ஒண்டுமில்லை."

அந்தப் பெடியனின் பெயர் அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது.

நான் தர்சினியின் கையைப் பிடித்தேன். வா என்றேன். அவள் உதறினாள். அவளுடைய ஒரு கண் கருமணி பெரிதாக இருந்தது.

"அப்பா, வெளியிலை போங்கோ. கோச்சுக்குத் தெரியும்."

ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. விளையாட விடு என்று யாரோ சொன்னார்கள். அந்த ஆள் பயந்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். அவரே ஓம் என்கிறார் என்றால் பிள்ளைக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். நான் சொன்னாலும் யார் கேட்பது? பந்து என் காலடியில் கிடந்தது. எங்களிடம் இருந்தது அந்த ஒரு பந்துதான். எடுத்தேன். வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் தா என்று கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. இரண்டு அடி பின்னுக்குப் போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு தோள் வந்து என் விலாவில் இடித்தது. ஆகாயம் தெரிந்தது.

ஆட்கள் கத்தினார்கள். நான் அவருக்குக் கீழே கிடந்தேன். மூச்சு இல்லை. அவர் முகம் என் முகத்துக்கு மேலே. என் பிடரி மண்ணில் படவில்லை. அங்கே ஏதோ மெத்தென்று இருந்தது. அவருடைய கை. விழுத்துகிறபோதே கையைக் கீழே கொடுத்திருக்கிறார். அது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். முகம் மெல்ல மெல்லக் கிழடானது.

"தம்பி" என்றார். "தலையிலை பட்டதோ?"

"எனக்கில்லை அண்ணை. பிள்ளையைப் பாருங்கோ."

அவர் திரும்பினார். தர்சினி முழங்காலில் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டவெளிப் பிள்ளைகள் வந்த பஸ்ஸிலேயே அவளை மன்னார் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அவள் தலையை அவர் இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்திருந்தார். என்னையும் வீட்டடியில் ஏறின செல்வியையும் பிடிக்க விடவில்லை. தலைக்குள் கொஞ்சம் இரத்தம் என்று டொக்டர் சொன்னார். இன்னொரு அடி பட்டிருந்தால் என்று தொடங்கினார். நிறுத்திவிட்டார். ஆறு நாள் வைத்திருந்தார்கள். பிள்ளை தப்பினாள். செல்வி என்னிடம் கேட்டாள், அவருடைய மறதி முந்தியே தெரியுமா என்று. தெரியும் என்றேன். அதற்குப் பிறகு கன நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. அது சரிதான்.

பிள்ளை வீட்டுக்கு வந்த அடுத்த நாள் அவரிடம் போனேன். பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"தர்சினி ஏன் வாறேல்லை? காய்ச்சலோ?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டம் தெரியாது. பஸ் தெரியாது. ஓம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பின்னேரம் பிள்ளைகள் வரும். நான் சொன்னேன். வரம்பு, சத்தம், டானி, எல்லாம் சொன்னேன். அவர் பந்தைக் கீழே வைத்தார். கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தார். உதடு வெள்ளையாகப் போனது. அந்த மழை நாளில் பார்த்ததைவிட மோசம்.

கடைசியில் சொன்னார், "நாளைக்கும் இதைச் சொல்லும். நான் மறந்திடுவன்."

அடுத்த நாளும் போய்ச் சொன்னேன். முதல் தரம் கேட்பதுபோல் கேட்டார். அதே கதிரை. அதே வெள்ளை உதடு. நாளைக்கும் சொல்லும் என்றார். மூன்றாம் நாள் சொன்னேன். நான்காம் நாள் சொன்னேன். சொன்ன நாளில் அவர் விளையாட்டு இல்லை என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பாதிப் பிள்ளைகளின் தாய்தகப்பன் இன்னும் அவர்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். கோச் என்னை விழுத்தினதை வெயில் தலைக்கு ஏறினது என்று கதைத்தார்கள். உள்ளதை நான் இரண்டு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். உன் பிள்ளைக்கு அடிபட்ட கோபம் என்றார்கள்.

ஐந்தாம் நாள் வாசலில் நின்றேன். உள்ளே அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சவரம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அந்த முகத்தைக் கண்டேன். ஆட்டத்தன்று பார்த்த இளமையான முகம். அதை எத்தனை நாள் போய் உடைப்பது? உடைக்காமல் விட்டால் பின்னேரம் யாருடைய பிள்ளை? இரண்டுக்கும் என்னால் முடியவில்லை. சத்தம் போடாமல் திரும்பினேன்.

முந்தின நாள் இரவு கொஞ்ச மழை பெய்திருந்தது. நிலம் மேலாக இளகியிருந்தது. லாண்ட்மாஸ்டரைக் கொண்டுபோய் அவருடைய வயலில் இறக்கினேன். யாரும் அந்த நேரத்தில் உழுவதில்லை. விதைப்புக்கு மாதங்கள் கிடக்கு. சொந்தக்காரரைக் கேட்காமல் ஒரு வயலில் நான் கலப்பை வைத்தது அந்த ஒரு தரம்தான். கீழ்மண் இரும்பு. மெசின் துள்ளியது. கட்டி கட்டியாக மண் புரண்டது. அதில் ஒரு பிள்ளையும் ஓட முடியாது.

சத்தம் கேட்டு அவர் வரம்புக்கு வந்தார். பாதி முகத்தில் சவுக்கார நுரை. நான் மெசினை நிறுத்தவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"என்ன தம்பி, உழவோ?"

"ஓம் அண்ணை."

"இந்த நேரத்திலையோ?"

"இந்த வருசம் முந்தி விதைப்பம் எண்டு நேற்று நீங்கள்தான் சொன்னனீங்கள்."

அவரிடம் நான் சொன்ன முதல் பொய். அவர் யோசித்தார். நான் சொன்னனானோ என்று தன்னைத்தானே கேட்பது தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார். ஓம் சொன்னனான் என்றார். தான் மறக்கவில்லை என்று எனக்குக் காட்டுவதற்காக ஓம் என்றார். அதுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது.

அடுத்த வருடம் அங்கே இருந்த தமக்கை வந்து அவரைத் திரும்ப அவுஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருக்கிறாரா இல்லையா தெரியாது.

உழுத அன்றைக்கு அவர் வரம்பிலேயே நின்றார். வெயில் ஏறியது. சவுக்காரம் முகத்தில் காய்ந்தது. தடிகள் நின்ற மூலையைக் காட்டி, அதை என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"அது என்னத்துக்கு நட்டது?" என்றார்.

"பந்தலுக்கு" என்றேன்.

"அப்ப பிடுங்கும்."

இரண்டு பேருமாகப் பிடுங்கினோம்.